கணு காய்ந்ததா? சோளத்தட்டு அறுப்பு: வாசகர் கேள்வி பதில்

மார்கழிப் பனி இறங்கியதும் நமக்கு வருகிற கடிதங்களில் பாதி, மாட்டுத் தீவனமாக உலர்த்தி வைக்கிற சோளத்தட்டைப் பற்றித்தான் இருக்கும். எப்போது அறுப்பது, எத்தனை நாள் காயவிடுவது, அடுக்கி வைத்த போருக்குள் ஏன் பூசணம் பிடிக்கிறது என்று கேட்பார்கள். இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று ஏக்கர் மானாவாரியில் புரட்டாசிக் கடைசியில் விதைத்த சோளம் கதிர் வெளிவந்து நிற்கிறது. மாட்டுக்காகத்தான் விதைத்தோம். "முற்றட்டும், தானியமும் கிடைக்கும், தட்டும் கிடைக்கும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். இப்போதே அறுக்கலாமா, காத்திருக்கலாமா? – தாராபுரம் வட்டம்

மாட்டுக்காக விதைத்தது என்றால் இப்போதே தயாராகுங்கள். வயலில் பாதிக் கதிர்கள் பூத்ததிலிருந்து மணி பால் பிடிக்கும்வரை உள்ள பத்துப் பதினைந்து நாள்தான் தட்டுக்கு உரிய காலம். ஒரு மணியைப் பறித்து நகத்தால் நசுக்குங்கள். தண்ணீராக வந்தால் இன்னும் சில நாள் இருக்கிறது. வெள்ளையாகப் பால் வந்தால் அரிவாளைத் தீட்டுங்கள். மாவாக வந்தால் நல்ல காலம் தாண்டிவிட்டது, இனி ஒவ்வொரு நாளும் நட்டம்தான்.

காரணம் இதுதான். அதுவரை இலையிலும் தண்டிலும் இருக்கிற சர்க்கரையும் புரதமும் மணிக்குப் போகத் தொடங்கிவிடும். தண்டில் மிஞ்சுவது நார், அதுவும் மாட்டின் வயிற்றில் எளிதில் செரிக்காத மரநார். பூக்கும்போது அறுத்த சோளப்பயிரில் உலர் எடைக்குச் சுமார் 7 முதல் 8 சதவீதம் புரதம் இருக்கும். தானியம் எடுத்தபின் நிற்கிற தட்டில் அது 3, 4 சதவீதமாக இறங்கிவிடும், கிட்டத்தட்ட நெல் வைக்கோல் அளவுக்கு. அடிச் சோகைகள், அதாவது இலைகள், வேறு காய்ந்து உதிர்ந்திருக்கும். மாடு முதலில் தேடுவது சோகையைத்தான். அது போனால் கழி மட்டும்தான் காடியில் கிடக்கும்.

பெரியவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வீட்டுக்குச் சோறாகவும் கோழிக்குத் தீனியாகவும் சோளம் வேண்டியிருந்த காலத்தின் கணக்கு அது. இப்போதும் தானியம் தேவைப்பட்டால் ஒரு மூலையில் அரை ஏக்கரை முற்ற விடுங்கள். மூன்று ஏக்கரையும் முற்றவிட்டு இரண்டையும் எடுக்க நினைத்தால், குருவி தின்றது போக மிஞ்சும் தானியத்துக்காக நல்ல தட்டை விலையாகக் கொடுத்தவர் ஆவீர்கள்.

அறுப்பை மழை பார்த்துத்தான் வைக்க வேண்டும். கொங்குப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மார்கழியோடு ஓயும், தையில் வெயிலும் காற்றும் சேர்ந்து வரும். ஆடியில் விதைத்தவர்களுக்கு ஐப்பசி மழையில் அறுப்பு வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான். பயிர் பால் பிடித்து நிற்கும்போது வானம் மூடினால் ஒரு வாரம் பொறுப்பதே மேல். பருவம் கொஞ்சம் தாண்டிய தட்டை மாடு தின்னும். நனைந்து அழுகிய தட்டை என்ன செய்தாலும் தின்னாது.

பனி உலர்ந்தபின், காலை ஒன்பது மணிவாக்கில் அறுக்கத் தொடங்குங்கள். ஒருமுறை அறுப்புப் பயிரைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு அறுக்கலாம். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்படி மறுதாம்பு விடுவதானால் அரை அடி நிற்கட்டும்.

தட்டை ஒரு வாரம் காயவிட்டுத்தான் போர் போட்டோம். மேலே சருகாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் காலையில் போரின் நடுவிலிருந்து ஆவி கிளம்பியது, கையை விட்டால் சுடுகிறது. பிரித்துப் பார்த்தால் நடுவில் புகையிலை நிறம். என்ன தப்பு செய்தோம்? – அவிநாசி வட்டம்

சோகையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்திருக்கிறீர்கள். சோகை மூன்று நாளில் சருகாகிவிடும். தண்டுக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு நாள் வேண்டும், தண்டிலும் கடைசியாகக் காய்வது கணு. கணுவில் ஈரம் இருக்கும்போது போர் போட்டால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் மெல்லச் சோகைக்கு ஏறுகிறது. சாகாத பயிர்த்திசு மூச்சு விடுகிறது, அதோடு பூசணமும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. இரண்டும் சேர்ந்து சூட்டைக் கிளப்புகின்றன. தட்டு சூட்டை எளிதில் வெளியே விடாது. அதனால் நடுவில் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பார்த்த புகையிலை நிறம், சர்க்கரையும் புரதமும் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்ததன் அடையாளம். வெல்லப்பாகு காய்ச்சும் வாசனை வரும், மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் அந்தப் புரதம் செரிக்காது, சாணத்தோடு போய்விடும்.

பச்சையாக அறுக்கும்போது சோளப்பயிரில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். போர் போடும்போது அது 15 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பூசணம் உறுதி. அதற்கு மேலே போகப் போகச் சூடும் தீயும். மீட்டர் இல்லாமலேயே இதைக் கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு.

எங்களுக்கு மிகவும் பிடித்தது தராசு வழி. அறுத்த அன்றே சரியாக 10 கிலோ பச்சைத்தட்டை எடை போட்டு ஒரு கட்டாகக் கட்டி, சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றி, மற்றக் கட்டுகளோடு சேர்த்தே வையுங்கள். 75 சதவீதம் தண்ணீர் என்றால் 10 கிலோவில் உலர் பொருள் இரண்டரைக் கிலோதான். 15 சதவீத ஈரத்தோடு அது 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். பால் பிடித்த பயிரில் தண்ணீர் கொஞ்சம் குறைவு என்பதால் மூன்றரைக் கிலோ வரை வரலாம். அந்த அளவுக்கு வந்து, அடுத்த இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால் போர் போடலாம்.

இரண்டாவது, கணுவைப் பார்ப்பது. கட்டின் நடுவிலிருந்து கனமான தண்டாக ஒன்றை உருவி, அடியிலிருந்து இரண்டாவது கணுவை நீளவாக்கில் பிளந்து நகத்தால் சுரண்டுங்கள். பசுமையோ பிசுபிசுப்போ இருக்கக் கூடாது. தண்டை முறுக்கினால் வாழைநாரைப்போல வளைந்து கொடுத்தால் காயவில்லை, சடசடவென்று உடைய வேண்டும்.

மூன்றாவது உப்புச் சோதனை. வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு தேக்கரண்டி, அங்குல நீளத்துக்கு நறுக்கிய தட்டு ஒரு பிடி, இரண்டையும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டியாகிப் பாட்டிலில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். பொலபொலவென்று அடியில் விழுந்தால் சரி. உப்பை வறுக்காமல் செய்தால் உப்பின் ஈரத்தைத்தான் சோதிப்பீர்கள்.

இனி காயவைக்கும் முறை. அறுத்ததை அரி அரியாக, அரை அடிக் கனத்துக்கு மேல் போகாமல், எல்லாத் தோகையும் (நுனியும்) ஒரே பக்கம் பார்க்க வயலிலேயே போடுங்கள். மறுநாள் நடுப்பகலில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். நான்காம் நாள் விடிகாலை, பனியின் ஈரத்தில் சோகை பதமாக இருக்கும்போது கட்டுங்கள். இதை மதியம் செய்தால் சோகை நொறுங்கி வயலிலேயே உதிர்ந்துவிடும், எஞ்சுவது கழிதான். கட்டு இரு கைக்குள் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும். கூலி மிச்சம் என்று பெருங்கட்டாகக் கட்டினால் நடு காயாது. பத்துப் பன்னிரண்டு கட்டுகளைத் தோகை மேலே, அடி கீழே அகன்று நிற்கும்படி கூம்பாகச் சாய்த்து நிறுத்துங்கள். கூம்புக்குள் காற்று நுழைய வேண்டும். விரல் கனத் தண்டானால் இப்படி இன்னும் பத்து நாள், மெல்லிய தண்டானால் ஐந்தாறு நாள். பிறகு தராசு சொல்லட்டும்.

உங்கள் போரைப் பொறுத்தவரை, உடனே ஒன்று செய்யுங்கள். ஆறடி நீளமுள்ள இரும்புக் கம்பியை நடுவரை குத்தி, அரை மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். நுனியைக் கையில் பிடித்திருக்க முடிந்தால் பிரித்து உலர்த்தலாம். பிடிக்க முடியாத அளவு சுட்டால், காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள், பக்கத்தில் தண்ணீரும் ஆளும் இல்லாமல் பிரிக்க வேண்டாம். கருகல் வாடை வந்துவிட்டால் தீயணைப்புத் துறையினரை வரவழைத்த பிறகுதான் போரில் கைவைக்க வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருப்பதற்குக் காற்று கிடைத்தால் அந்த நொடியே பற்றிக்கொள்ளும். போர் போட்ட இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

அரி போட்டிருந்த தட்டு ஒரு இரவு மழையில் நனைந்துவிட்டது. வீணா? – பல்லடம்

அறுத்த அன்றோ மறுநாளோ நனைந்திருந்தால் நட்டம் குறைவு. முக்கால்வாசி காய்ந்தபின் நனைந்தால்தான் சர்க்கரை கரைந்து ஓடும், சோகையும் கறுக்கும். எதுவானாலும் மழை விட்டதும் தொடாதீர்கள். மேல்பக்கம் உலர்ந்தபின் புரட்டி, மண் ஒட்டாமல் தட்டிக் கூம்பாக நிறுத்திவிடுங்கள். நனைந்ததைத் தனிப் போராகப் போட்டு முதலில் தீர்த்துவிடுவது நல்லது.

மறுதாம்புச் சோளத்தை மேய்ந்த இரண்டு ஆடுகள் அரை மணிக்குள் செத்துவிட்டன. மிச்சப் பயிரை அறுத்துக் காயவைத்துக் கொடுத்தால் விஷம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? – மூலனூர்

பெரும்பாலும் உண்மை. ஆனால் சோளத்தில் இரண்டு விதமான நஞ்சு உண்டு, காயவைத்தால் போவது அவற்றில் ஒன்றுதான். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது சயனைடு நஞ்சு. சோளக் குருத்தில் தூரின் என்றொரு பொருள் இருக்கிறது. ஆடுமாடு மெல்லும்போது இலை கசங்கி, அதிலிருந்து ஹைட்ரோசயனிக் அமிலம் வெளிப்படும். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் இளம்பயிர், தண்ணீரில்லாமல் சுருண்டு நின்ற பயிர், வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்ததும் சடாரென்று துளிர்க்கிற மறுதாம்பு, இந்த மூன்றிலும் இது அதிகம். உங்கள் ஆடுகள் தின்றது மூன்றாவது. பயிர் வளர வளர நஞ்சு குறைந்து, பூக்கும் சமயம் ஆபத்து பெரிதும் நீங்கிவிடும். நன்றாகக் காயும்போது இந்த அமிலம் ஆவியாகிப் போகும். ஆகவே இளம்பயிராக அறுக்காமல், பூக்கவிட்டு அறுத்து முழுக்க உலர்த்திய தட்டில் இந்தப் பயம் வேண்டாம். அரைகுறையாக வாடியதைக் கொடுப்பது மட்டும் கூடாது.

இரண்டாவது நைட்ரேட். யூரியா நிறையப் போட்டு, பிறகு மழை பொய்த்துப் பயிர் வளராமல் நின்றால், உறிஞ்சிய தழைச்சத்து புரதமாக மாறாமல் தண்டின் அடியில் நைட்ரேட்டாகவே தங்கிவிடும். இது காய்ந்தாலும் போகாது. ஆறு மாதம் போரில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட வயலில் முக்கால் அடி அடித்தண்டை விட்டு அறுங்கள், மழை பெய்த பிறகு குறைந்தது ஒரு வாரம் பொறுத்து அறுங்கள். சந்தேகம் தீராவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். உலர் எடையில் நைட்ரேட் அரை சதவீதத்துக்குள் என்றால் பயமில்லை. ஒரு சதவீதத்தைத் தொட்டால் தீவனமாகத் தனித்துக் கொடுக்கவே கூடாது.

கால்நடை துடிக்கும்போது இந்த வேறுபாடு உயிர்காக்கும். சயனைடு என்றால் இரத்தமும் வாயின் உட்புறமும் பளிச்சென்று சிவந்திருக்கும். நைட்ரேட் என்றால் இரத்தம் காப்பித்தூள் நிறத்துக்கு மாறியிருக்கும். இரண்டிலும் மூச்சிரைக்கும், தள்ளாடும், விழும். சயனைடுக்குப் போடுகிற மருந்தான சோடியம் நைட்ரைட், நைட்ரேட் நஞ்சில் நிலைமையை மோசமாக்கும். கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழைத்துக் கால்நடை மருத்துவரிடம் என்ன தின்றது, இரத்தம் என்ன நிறம் என்று இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சுத் திணறுகிற ஆட்டுக்கு மோரும் புளித்தண்ணீரும் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் வேறு ஒரு சாவைக் கொண்டுவரும்.

மகன் ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே பச்சைக் கோதுமையை ஏக்கர் ஏக்கராக அறுத்துக் காயவைத்து மாட்டுக்குப் போடுகிறார்களாம். தானியம் வராமல் அறுப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா? – கோபிசெட்டிபாளையம்

அங்கே அது நல்ல கணக்கு. கோதுமை பூக்கும்போது உறைபனி விழுந்தால் பூ செத்துவிடும். கதிர் வெளியே பச்சையாகத்தான் நிற்கும், உள்ளே மணி இருக்காது. அல்லது மழை நின்றுபோய் மணி பருக்காது. அந்த நிலையில் தானிய அறுவடைக்குக் காத்திருந்தால் எந்திர வாடகைகூட மிஞ்சாது. ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்துத் தீவனமாக அறுத்தால் பயிரின் மதிப்பில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. களைக்கொல்லிக்கு அடங்காத ரைகிராஸ் என்ற களை அந்த வயல்களில் பெருந்தொல்லை. அது விதை கட்டும் முன் பயிரோடு சேர்த்து அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டு அந்த விதை மண்ணில் விழாது.

அறுக்கும் பருவம் சோளத்தைப் போலத்தான். கதிர் இலையுறைக்குள் இருக்கிற பொதிக்கதிர்ப் பருவத்தில் அறுத்தால் புரதம் அதிகம், எடை குறைவு. மணி பால் பிடிக்கும்போது எடை கூடும், புரதம் குறையும். பூத்து முடிந்ததிலிருந்து பால் பிடிக்கும் வரை என்பது இரண்டுக்கும் நடுவான இடம். பஞ்சாப், ஹரியானாவில் கதிரடித்த பிறகு கிடைக்கிற கோதுமைப் பூசா வேறு சரக்கு, அது வெறும் வைக்கோல்தான். இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை பேசாதீர்கள்.

கோதுமையில் ஒரு சிக்கல் அதிகப்படி. கதிரின் கூர் முற்றினால் ஊசியாகிவிடும். மாட்டின் ஈறிலும் நாக்கின் அடியிலும் குத்தி, புண் வழியாகக் கிருமி புகுந்து தாடை வீங்கும். அதனால்தான் கூர் விறைக்கும் முன் அறுக்கிறார்கள், அல்லது கூரில்லா ரகமாக விதைக்கிறார்கள். கம்பிலும் முள்ளுக்கதிர் ரகங்கள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மகனிடம் அந்த அறுப்பு எந்திரத்தின் பின்னால் இருக்கிற உருளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறுத்த கையோடு தண்டை நசுக்கிவிட்டுப் போகும். நசுங்கிய தண்டில் வெடிப்பு வழியாக ஈரம் வெளியேறுவதால் சோகையும் தண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் காய்கின்றன. நம் சோள அறுப்பில் இல்லாதது அதுதான். அதற்காகத் தார்ச்சாலையில் தட்டைப் பரப்பி வண்டிகளை ஏற்றவிடுகிற வேலை வேண்டாம். எண்ணெயும் தூசியும் ஒட்டும், விபத்தும் நடக்கும். களத்தில் பரப்பி டிராக்டரின் வெறும் சக்கரத்தை ஒருமுறை ஓட்டினால் போதும்.

நம் சமவெளியில் தீவனத்துக்காகக் கோதுமை விதைப்பதில் பயனில்லை. அதற்கு வேண்டிய குளிர் இங்கே கிடைக்காது, அதே தண்ணீரில் சோளம் இரண்டு மடங்கு தழைக்கும்.

தண்டு கரும்பு மாதிரி தடித்துவிடுகிறது. மாடு பாதியை ஒதுக்குகிறது. ரகம் மாற்ற வேண்டுமா? – ஊத்துக்குளி

ரகத்துக்கு முன் விதை அளவைப் பாருங்கள். ஏக்கருக்கு ஆறேழு கிலோ தூவினால் தானியப் பயிர் மாதிரி இடைவெளி விழுந்து ஒவ்வொன்றும் தடிக்கும். தட்டுக்கென்றால் மானாவாரியில் 15 முதல் 20 கிலோ வரை நெருக்கமாக விதையுங்கள். பெரிய மஞ்சள் போன்ற நாட்டுச் சோளங்கள் நெருக்கத்தில் பென்சில் கனத்துக்கு நிற்கும், சோகையும் நிறைய. தண்ணீர் வசதி இருந்து பல அறுப்பு எடுப்பவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எஃப்.எஸ். 29, கோ 31 பொருந்தும். அவற்றுக்கு இந்த அளவு பொருந்தாது, வரிசையில் ஊன்ற ஏக்கருக்கு 2 கிலோ போதும். புதிதாக அறுத்த கோ.எஃப்.எஸ். 29 விதையை உடனே விதைத்தால் முளைக்காது. இரண்டு மாதம் உறங்கும் விதை அது. முளைக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் மூட்டையில் அறுவடைத் தேதியைப் பாருங்கள்.

ஏற்கெனவே தடித்துப் போனதைத் தட்டு வெட்டும் எந்திரத்தில் ஓர் அங்குலத் துண்டாக நறுக்குங்கள். முழுத் தட்டாகப் போட்டால் ஒதுக்கப்படுவது மூன்றில் ஒரு பங்கு வரை போகும், நறுக்கினால் மிச்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும். தூளாக மட்டும் அரைக்காதீர்கள். அசைபோட நீளம் இல்லாவிட்டால் பாலில் கொழுப்பு இறங்கும்.

போர் போடுகிற ஆட்கள் இப்போது ஊரில் இல்லை. நாங்களே போடப் பார்க்கிறோம். மழை இறங்காமல் போடுவது எப்படி? – சென்னிமலை

அடியிலிருந்து தொடங்குவோம். நான்கைந்து வரிசைக் கல் ஊன்றி, மேலே பனஞ்சட்டமோ வேலங்கழியோ பரப்பி, தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி உயரத்தில் மேடை போடுங்கள். வெறுந்தரையில் போட்டால் அடி ஓரடித் தட்டு கரையானுக்கும் ஈரத்துக்கும் காணிக்கை. கரையானுக்குப் பூச்சிமருந்துத் தூள் போடுவதைச் சிலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். அது மாட்டின் வயிற்றுக்கும் நம் பாலுக்கும் வந்து சேரும். கல்லைச் சுற்றிச் சாம்பல் கொட்டி, வாரத்துக்கு ஒருமுறை மண்புற்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிட்டால் போதும்.

போரின் அகலம் ஒரு கட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமிருந்தும் அடுக்க வேண்டும், அடித்தண்டு வெளியே, தோகை உள்ளே. தோகைகள் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்போது நடு தானாக உயரும். இந்த நடுமேடுதான் போரின் உயிர். ஒவ்வொரு கட்டும் உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிந்து படுத்திருக்க வேண்டும். அப்போது மழைத்தண்ணீர் தண்டு வழியே வெளியே சொட்டும். நடு பள்ளமானால் அதே தண்டு வழியே தண்ணீர் உள்ளே ஓடும். புதியவர்கள் போடும் போர்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஆள் ஏறி மிதிப்பது நடுவில் என்பதால் நடு அமுங்கிவிடுகிறது. நான்கு அடுக்குக்கு ஒருமுறை நடுவில் மட்டும் நீளவாக்கில் ஒரு வரிசைக் கட்டுகளைக் கூடுதலாகப் போட்டு மேட்டைத் திரும்ப எழுப்புங்கள்.

பாதி உயரம் வரை ஒவ்வொரு அடுக்கையும் இரண்டு விரல் அளவு வெளியே தள்ளிக்கொண்டே போங்கள், பிறகு உள்ளே ஒடுக்கிக் கூரை முகடாக முடியுங்கள். மேலே கரும்புத் தோகையோ பனையோலையோ வேய்வது நல்லது. தார்ப்பாய் போடுவதானால் முகட்டை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். முழுக்கப் போர்த்திக் கட்டினால் உள்ளிருந்து எழும் ஆவி பாயின் அடியில் வேர்த்து, மழையே பெய்யாமல் மேல்தட்டு நனையும்.

ஒரே பெரும்போராகப் போடாமல் இரண்டாகப் போடுங்கள், நடுவே நல்ல இடைவெளி விட்டு. மின்கம்பிக்கு அடியிலும் மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டியும் வேண்டாம். எடுக்கும்போது காற்று அடிக்காத முனையிலிருந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு பத்தையாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். அங்கங்கே உருவினால் சரிவு குலைந்து மழை இறங்கும். போரடியில் சாரைப்பாம்பு கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், எலிக்கு அதைவிடச் செலவில்லாத மருந்து கிடையாது.

வைக்கோல் உருட்டுகிற எந்திரத்தில் சோளத்தட்டைக் கட்டலாமா? – காங்கேயம்

மெல்லிய தண்டு, நன்றாகக் காய்ந்தது என்றால் கட்டலாம். தடித்த தண்டு நூலை அறுக்கும், உருளையில் சிக்கும். அதைவிட முக்கியம், உருட்டுக்குள் காற்றே இருக்காது. கூம்பிலும் போரிலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சினால் காற்று மன்னிக்கும், உருட்டு மன்னிக்காது. 15 சதவீதத்துக்கு ஒரு துளி மேலிருந்தாலும் நடுவில் வெண்பூசணம் பிடிக்கும்.

ஒரு கறவைப் பசுவுக்குக் கோடைக்கு எவ்வளவு தட்டு சேர்த்து வைக்க வேண்டும்? – வெள்ளகோவில்

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர் பொருள் தின்னும். அடர்தீவனம் 4, 5 கிலோ போக மிச்சம் தட்டும் பசுந்தீவனமும்தான். பசுந்தீவனம் 15 கிலோ கொடுக்க முடிந்தால் தட்டு 4 முதல் 5 கிலோ. பச்சையே இல்லையென்றால் ஏழரைக் கிலோ. மாசியிலிருந்து ஆனி வரை 150 நாள் என்று வைத்தால் முதல் கணக்குக்கு 750 கிலோ, இரண்டாவதுக்கு 1,125 கிலோ. சிந்துவதும் ஒதுக்குவதும் சேர்த்து 900 அல்லது 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 8 டன் பச்சையாக அறுத்தால் உலர்ந்து இரண்டே கால் டன் சுமாருக்கு வரும். பச்சையே இல்லாத ஆண்டிலும் ஓர் ஏக்கர் ஒன்றரைப் பசுவைத் தாண்டவைக்கும். காங்கேயம் மாடு உடல் சிறியது, முக்கால் பங்கு போதும்.

கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) இந்த வருடம் கொழுக்கட்டைப் புல் மிஞ்சிவிட்டது. அறுத்துக் காயவைக்கலாமா? – காங்கேயம் வட்டம்

தாராளமாக. கதிர் தலைகாட்டும்போது நான்கு அங்குலம் விட்டு அறுங்கள். மெல்லிய புல் என்பதால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். கால் பங்கை அறுக்காமல் விதை உதிர விடுங்கள், அடுத்த மழைக்குப் புல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

சோளத்தோடு நரிப்பயறும் காராமணியும் கலந்து விதைத்தோம். காய்ந்ததும் கொடியில் இலையே இல்லை. – குண்டடம்

பயறின் இலை சோளச் சோகையைவிட விரைவில் சருகாகும், தொட்டாலே உதிரும். புரதம் இருப்பதும் அந்த இலையில்தான். கொடியைத் தனியாகப் பிரித்து, முதல் நாள் வெயிலில் வாடவிட்டு, பிறகு வேலியிலோ கொட்டகை நிழலில் கட்டிய கயிற்றிலோ தொங்கவிட்டு உலர்த்துங்கள். புரட்டுவதும் எடுப்பதும் விடிகாலையில் மட்டும். வேலிமசாலுக்கும் குதிரைமசாலுக்கும் இதே முறைதான்.

போரடியில் கறுத்துப் பூசணம் பிடித்த தட்டு நாலு வண்டி இருக்கிறது. வெயிலில் காயவைத்து, உப்புத்தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் மாடு தின்கிறது. கொடுக்கலாமா? – மடத்துக்குளம்

கூடாது. உப்பு, பூசணத்தின் வாடையை மறைக்கிறது, நஞ்சை எடுப்பதில்லை. வெயில் பூசணத்தைக் கொல்லலாம், அது உண்டாக்கிய அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அப்படியே நிற்கும். மாட்டின் ஈரலைக் கெடுத்துப் பாலிலும் இறங்கும். சினைமாடுகள் சினை கலைந்து கன்று வீசும் அபாயமும் உண்டு. உதறும்போது கிளம்புகிற தூள் ஆளின் நெஞ்சுக்கும் ஆகாது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு எடுங்கள். யூரியாப் பதப்படுத்தினால் சரியாகுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர், 21 நாள் காற்றுப் புகாமல் மூடுவது என்ற அந்த முறை நல்ல வைக்கோலின் சத்தைக் கூட்டுவதற்கு மட்டும்தான். அதுவும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு ஆகாது. கறுத்ததை எருக்குழியில் சாணக் கரைசலோடு அடுக்கிவிடுங்கள், அடுத்த ஆடிக்குள் மக்கிவிடும்.